வெடிப்பு விழுந்த பம்ப்

புத்தளத்தில் நான் பம்ப் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கரைத்தீவுப் பக்கம் உப்பு லொறிகளைக் கழுவும், நாங்கள் ராத்தா என்று அழைக்கும் அக்கா ஒருவர், ஒரு காலையில் தன் பிரஷர் பம்பை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். நெடிய உருவம். கறுப்பு அபாயா, காலில் றப்பர் பூட்ஸ். எதற்கும் பதில் சொல்லும் முன் தோளில் கிடக்கும் துவாயால் கைகளை நிதானமாகத் துடைத்துக்கொள்வார்.

பம்பைக் கழற்றிப் பார்த்தேன். தேய்ந்த சீல்களை மாற்றிவிடலாம். ஆனால் பித்தளைத் தலையில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியது.

"வெல்டிங் அடிச்சுத் தாறன் ராத்தா, கொஞ்சக் காலம் ஓடும். புதுத் தலை கொழும்பிலருந்து வரச் சுணங்கும்," என்றேன்.

அவர் கைகளைத் துடைத்தார்.

"திரும்ப வெடிச்சா?"

"பக்கத்தில நிக்கிற ஆளுக்குப் படும்."

"நிக்கிறது நான் மட்டுமில்ல தம்பி. வேலைக்குப் பொம்புளைகள் வாராங்க. புதுசுக்கே சொல்லுங்க."

கடையில் நின்ற ஒருவர், வெல்டிங் அடித்துப் பாவிக்க அந்தப் பழைய தலையைத் தனக்குத் தரும்படி கேட்டார். ராத்தா என்னிடம் சம்மட்டியை வாங்கினார். பம்பின் தலையை வாசல் கல்லில் வைத்து, அது இரண்டாகும்வரை அடித்தார்.

"இனி இத ஒருத்தரும் பூட்டிப் பாவிக்க ஏலாது," என்றார்.

சில நாட்களின் பின் அந்தப் பக்கம் போனேன். வாளியும் பிரஷுமாக, வேலைக்கு வரும் பெண்களோடு குனிந்து ஒரு லொறியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசு வந்திட்டா தம்பி?"

"இன்னும் இல்ல ராத்தா."

"பரவாயில்ல," என்று அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.

அவ்வளவு பெரிய லொறி அவர் பக்கத்தில் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.