கல் வீட்டுக்கு, பை லேபுக்கு

இரண்டு வாரம் முன்பு தாம்பரத்தில் என் கணவருக்குப் பித்தப்பையைக் கல்லோடு எடுத்தார்கள்.

"வெறும் கல்லுதானே சிஸ்டர், பையை எதுக்கு லேபுக்கு அனுப்பணும்?" என்று நான் சண்டை போட்டேன்.

"கல்லை நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா. பை போயே ஆகணும். எல்லாருக்கும் அனுப்புறதுதான்" என்றார் நர்ஸ்.

இன்று ரிப்போர்ட் வந்தது. பையின் உள்சுவரில் புற்றுநோயின் ஆரம்பம்.

"பையோட முழுசா வந்துடுச்சும்மா. இனிமே செக்கப் மட்டும் வந்தா போதும்" என்றார் டாக்டர். அங்கேயே அழுதுவிட்டேன்.

சிட்லபாக்கம் வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்த அத்தனை பேருக்கும் கல் போட்டுக் கொடுத்த டப்பாவைத் திறந்து, பதினோரு கல் என்று எண்ணிக் காட்டியவள் நான்.

அந்த சிஸ்டர் பெயரை மட்டும் கமெண்டில் கேட்டுவிடாதீர்கள். நானே கேட்கவில்லை.