எங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தியாகியாக்க வந்தவர்

இன்று அந்தமானில், டாலிகஞ்சில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு டூர் கம்பெனிக்காரர் வந்திருந்தார்.

வெள்ளைக்காரர்கள் கைதிகளை இங்கே நாடு கடத்திய காலாபானிக் காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பத்தோடு மதியச் சாப்பாடு, கூடவே அந்தக் குடும்பத்தின் கதை. இதுதான் அவர்களுடைய புது பேக்கேஜாம்.

அம்மா வைத்த மீன்குழம்பு அவருக்குப் பிடித்துவிட்டது. கதைதான் பிடிக்கவில்லை.

"உங்க கொள்ளுத்தாத்தா எந்தப் போராட்டத்துல கைதானார்?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டார். "போராட்டமா? வரப்புத் தகராறுல பங்காளியை வெட்டிட்டுக் கப்பல்ல வந்தவரு."

"கெஸ்ட் சாப்பிடுற நேரத்துல கொலைக் கதை வேணாமேம்மா. சுதந்திரப் போராட்டம்னே சொல்லிடலாம். சங்கிலியோட ஒரு படம் ஏஐ-ல பண்ணித் தர்றோம், மாலை போட்டு மாட்டிடுங்க."

அம்மா மெயின்லேண்டுக்காரர். பெண் கேட்டுப் போனபோது, வியாபாரத்துக்கு வந்த குடும்பம் என்றுதான் அப்பா வீட்டில் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் முடிந்து, கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான் அம்மாவுக்கு உண்மை தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

"அரே பேட்டா, அப்ப வெட்டுப்பட்டவருக்கும் ஒரு படம் பண்ணிக் குடு. மாலையை அவருக்குப் போடுறேன்."

மனிதர் கை கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. இங்கேயே மின்னி பே பகுதியில் ஒரு தியாகி குடும்பம் கிடைத்துவிட்டதாம்.

அந்தத் தியாகியை எங்களுக்கு நன்றாகவே தெரியும். எங்கள் கொள்ளுத்தாத்தா வெட்டும்போது, பங்காளியை அசையாமல் பிடித்துக்கொண்டவர் அவர்தான். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தார்கள்.

தீவுக்காரர்களே, உங்கள் வீட்டில் யார்? கைதியா, தியாகியா?