நெருப்புப்பெட்டியில் ஐந்து எண்கள்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என்னை வீம்புக்காரன் என்பார்கள். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், அன்றைக்கு இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருஷம் இருக்கும். அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்துப் பெயரையும் எண்ணையும் பெயிண்டால் அடிக்கிற வேலை எனக்கு. என் தங்கையின் புருஷன் முத்தையாவுக்கு, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் சமையல் வேலை. பழைய துரை சீமைக்குப் போகும்போது, மழைக்கு முன்னால் இரும்புச் சாமான் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். முத்தையா சொன்ன சொல் தட்டாதவர். கேட், கூரைத் தகரம், நாற்காலி எல்லாம் முடித்து, அலமாரியில் கிடந்த பழைய ரிவால்வருக்கும் அதே கூரைச் சிவப்பைப் பூசிவிட்டார்.

புதிய துரை லைசென்சைத் தன் பேருக்கு மாற்றப் போனபோது வந்தது வினை. ரிவால்வரில் வெட்டியிருந்த எண்ணைப் பெயிண்ட் மூடியிருந்தது. அசலை விற்றுவிட்டு வேறொன்றை வைத்து மறைத்திருக்கிறான் என்று முத்தையாவைப் பொலிசில் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். சாயந்திரத்துக்குள் எண்ணைக் காட்டினால் விட்டுவிடுவதாகப் பேச்சு. துரை ரிவால்வரையும் லைசென்சையும் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கொடுத்தார், அவர் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"ஊசி, கத்தி எதுவும் படக்கூடாதுடா. கீறல் விழுந்தா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க" என்றார்.

மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றி ஊறவைத்தேன். கொழுந்துக் கூடையிலிருந்து ஒரு மூங்கில் சீவலை உருவி, எண்ணின் பள்ளத்தில் மெதுவாக விட்டு நெம்பினேன். மழை ஈரத்தில் சரியாகக் காயாத பெயிண்ட், நம்பினால் நம்புங்கள், ஒவ்வோர் எண்ணும் உடையாமல் எண்ணாகவே கழன்று வந்தது. ஐந்தையும் நெருப்புப்பெட்டியில் போட்டுவைத்தேன். 41726. கண்டாக்கையா லைசென்சையும் ரிவால்வரையும் மாறி மாறிப் பார்த்து வாய்விட்டு வாசித்தார்.

"அதேதான்டா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரிவால்வரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லொறியில் போனேன், கண்டாக்கையா பக்கத்தில் இருந்தார், பனிமூட்டத்தில் நாலு மணிக்கே லைட் போட்டு ஓட்டினார்கள். வழியில் யாரும் அதைத் தொடவில்லை. இது சத்தியம்.

இன்ஸ்பெக்டரின் மேசையில் துணியைப் பிரித்தேன். எண்ணைக் காணோம். அரத்தால் அராவிய அடையாளம்கூட இல்லாமல் அந்த இடம் வழவழவென்று இருந்தது, அங்கே யாரும் என்றைக்கும் எதையும் வெட்டாததைப் போல. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்டாக்கையா பக்கம் திரும்பினேன்.

"நீங்கதானே வாசிச்சீங்க, சொல்லுங்கய்யா."

கண்டாக்கையா தரையைப் பார்த்தார். "வெளிச்சம் பத்தல. எனக்குச் சரியா தெரியல" என்றார்.

நெருப்புப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் சிரித்தார். பெட்டிக்கு எண் அடிக்கிறவனுக்குப் பெயிண்டில் எண் செய்வது பெரிய வேலையா என்று கேட்டார். என் தொழிலே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

முத்தையாவைக் கண்டிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏறும்போது அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், நீங்க நம்பர பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் மாப்பிள்ள."

மூன்றாம் மாதம் காய்ச்சலில் சிறையிலேயே போய்விட்டார். தங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பல நாள் சுற்றுவழியாகத்தான் வேலைக்குப் போனேன். கண்டாக்கையா அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

அந்த நெருப்புப்பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. காதருகே வைத்து உலுக்கினால் ஐந்தும் உள்ளே உருண்டு புரளும் சத்தம் நன்றாகக் கேட்கும். வேண்டுமானால் நீங்களே உலுக்கிப் பாருங்கள். ஆனால் எத்தனை தரம் உலுக்கித் திறந்தாலும் ஒன்றுகூட இடம் மாறாமல், 41726 என்று அதே வரிசையில்தான் கிடக்கின்றன. திறக்கும்போதெல்லாம் யாரோ கேட்டதற்குச் சொல்வதுபோல என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

"பாத்தேன் மாப்பிள்ள."