நான் எண்ணாம விட்ட கை

காலைல நடந்த கல்யாணத்தோட மல்லிப்பூ வாசம், சாயங்காலமும் அந்த மண்டபத்தை விட்டு போகல. கூடவே சாம்பார் வாசம் வேற. டி.நகர்ல அந்த கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து தான் எங்க சர்ச் சபை மூணு நாள் ஜெபக் கூட்டம் நடத்துச்சு...

அப்போ எனக்கு இருபத்திரண்டு வயசு. ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு சின்ன கம்பெனில டைப்பிஸ்ட். கூட வேலை பார்த்த ஷோபா அக்கா தான் என்னை சபைக்கு கூட்டிட்டு போனாங்க. ஆறே மாசத்துல பாவமன்னிப்பு ஜெபம் பண்ணி, முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துட்டேன்.

நாங்க சாந்தோம் பக்கம் பரம்பரை கத்தோலிக்க குடும்பம். அப்பா ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். விஷயத்தை சொன்ன அன்னிக்கு, "அப்போ குழந்தையில நாங்க உனக்கு குடுத்த ஞானஸ்நானம் இன்னா, பச்சத்தண்ணியா?"ன்னு கேட்டாரு. நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம். "நீங்க இன்னும் இரட்சிக்கப்படலப்பா"ன்னுட்டேன்.

பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. அதுவரைக்கும் அவர் என்னை அடிச்சதே இல்ல.

அதுக்கப்புறம் நாலு மாசம் பேச்சே கிடையாது. "உன் பொண்ண சாப்பிட சொல்லு"ன்னு எல்லாம் அம்மா வழியா தான். நானும் லேசுப்பட்டவ இல்ல... வெள்ளிக்கிழமை தவறாம உபவாசம் இருந்து, அப்பா மனந்திரும்பணும்னு ஜெபிச்சிட்டு இருந்தேன். தப்பு என் மேலயும் இருக்குமோன்னு ஒரு நாள் கூட தோணல.

கூட்டத்துல நான் வாலண்டியர். ஷோபா அக்கா தெளிவா சொல்லியிருந்தாங்க: "எல்லாரும் கண்ண மூடுவாங்க, நீ மூடாத. உன் பக்கம் எட்டு வரிசை. யார் யார் கைய தூக்குறாங்கன்னு எண்ணிக்கோ. ஆமென் சொன்னதும் கார்டு, பேனாவோட அவங்க முன்னாடி போய் நிக்கணும்." பேரு, அட்ரஸ், போன் நம்பர் எழுதி வாங்கணும். அடுத்த வாரம் சபையிலேர்ந்து வீட்டுக்கே ஆள் போவாங்க.

மூணாவது நாள், பிரசங்கத்துக்கு நடுவுல கதவு பக்கம் பாத்தேன்.

அப்பா.

இவ்ளோ பேர் முன்னாடி தரதரன்னு இழுத்துட்டு போகத்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன். அவர் என் பக்கமே கடைசி வரிசையில, ஓர சேர்ல உக்காந்து, ஹெல்மெட்ட மடியில வச்சுக்கிட்டாரு. பிரசங்கியார் பேசினது ஒண்ணும் என் காதுல ஏறல. இவர் எப்போ எழுந்து கத்தப்போறாருன்னு அங்கயே பாத்துட்டு நின்னேன்...

கடைசியில கீபோர்டு மெதுவா ஆரம்பிச்சுச்சு. "எல்லாரும் தலைய தாழ்த்துங்க, கண்ண மூடுங்க. யாரும் யாரையும் பாக்க வேணாம். இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. நான் பாவி, என்னை மன்னியும்னு சொல்றவங்க கைய மட்டும் தூக்குங்க..."

ஒண்ணு... ரெண்டு... ஏழு.

எட்டாவது கை அப்பாவோடது.

தோள் உயரத்துக்கு தான் தூக்கியிருந்தாரு, பஸ்ஸ நிறுத்தலாமா வேணாமான்னு யோசிக்கிறவர் மாதிரி. அப்புறம் இறக்கி, விரல மடக்கி நெஞ்சுல மூணு தடவ தட்டினாரு. பூசையில பாவ அறிக்கை சொல்லும்போது நாங்க தட்டுவோமே, அதே மாதிரி. அந்த மண்டபத்துல வேற யாருக்கும் அந்த பழக்கம் இல்ல. கண்ணுலேர்ந்து தண்ணி வழிஞ்சுது, தொடைக்கல.

நாலு மாசம் இதுக்காக தானே பட்டினி கிடந்தேன்? துள்ளிக் குதிச்சிருக்கணும். எனக்கு அசிங்கமா இருந்துச்சு. யாரும் பாக்கலன்னு நம்பி ஒரு மனுஷன் அழுறாரு, நான் நம்பர் எண்ணிட்டு நிக்கிறேன்.

ஆமென்.

ஷோபா அக்கா முன்னாடியிலேர்ந்து சைகை காட்டினாங்க, கடைசி வரிசை அங்கிள், போ போன்னு. எப்படியோ போய் நின்னேன். அப்பா கண்ண தொறந்தாரு. என் துப்பட்டாவுல குத்தியிருந்த வாலண்டியர் பேட்ஜ பாத்தாரு. கையில இருந்த கார்ட பாத்தாரு. முகம் செத்துப்போச்சு.

"நீ... பாத்தியா?"

நாலு மாசத்துல என்கிட்ட பேசின முதல் பேச்சு.

"இல்லப்பா. நானும் கண்ண மூடிட்டு தான் இருந்தேன்."

கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தாரு. "வண்டி வெளிய நிக்குது. முடிச்சிட்டு வா"ன்னு எழுந்து போயிட்டாரு.

ஷோபா அக்கா விடல. "அங்கிள் கார்டு எங்கடி?"

"அவர் கை தூக்கலக்கா... முதுகு சொறிஞ்சாரு."

வண்டியில பின்னாடி உக்காந்து, மைலாப்பூர் தாண்டும்போது தான் தைரியம் வந்துச்சு. "ஸாரிப்பா"ன்னேன். "கெட்டியா புடிச்சுக்கோ"ன்னாரு.

இப்போ கூட்டமெல்லாம் போன்லயே லைவ்ல வருது. மனந்திரும்புறவங்க கமெண்ட்ல ஆமென்னு டைப் பண்றாங்க, எத்தனை பேருன்னு நம்பர் தானா ஓடுது. கார்டோட யாரும் முன்னாடி வந்து நிக்கிறதில்ல, அது நல்லது தான். ஆனா கூட்டம் முடியட்டும்னு வண்டியோட யாரும் வெளிய காத்துட்டு நிக்கிறதும் இல்ல...

நான் இன்னும் அதே சபை. அப்பா எழுபது தாண்டியும் அதே கோயில், அதே பூசை. அன்னிக்கு எதுக்காக அழுதீங்கன்னு நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல.

அவருக்கு போன்னா பேச மட்டும் தான், நான் இங்க எழுதுறதெல்லாம் படிக்க மாட்டாரு. நீங்க யாராவது சாந்தோம் பக்கம் அவர பாத்தா, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துடுங்க. நானும் அப்படித்தான் இருக்கேன்.