சவரிமுத்து அண்ணன் தந்த இரண்டு நாள்

நேற்றுக் காலை, ஆறு ஆண்டுகளாக என் செல்போனில் வராத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. என் தம்பி. "அமீனா சவரிமுத்து தவறிட்டாக. அனுமந்தன்பட்டியில நாலு மணிக்கு அடக்கம். உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றான். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

நம் முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடத்திய எல்லோருக்கும் சவரிமுத்து அண்ணனைத் தெரியும். பதவியின் பெயர் வேறு என்றாலும் ஊருக்கு அவர் அமீனா. சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாமல் இருந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன், வழக்குப் போட்ட ஒருவர் என்னிடம் வந்தார். "சம்மன் அமீனா கைக்கு வந்து மூணு நாளாச்சு சார். இன்னும் போய்ச் சேரலை. எதிராளிகிட்ட கைநீட்டிட்டாரோ என்னமோ" என்றார். நான் கோர்ட்டின் சம்மன் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த ஆண்டில் பதினொரு சம்மன்கள் இரண்டு நாள், மூன்று நாள் தாமதமாகப் போயிருந்தன. அதை நம் பத்திரிகையில் செய்தியாக எழுதினேன். தேதி ஒன்றும் தப்பில்லை. கடைசி வரியாக, 'இது பல சந்தேகங்களை எழுப்புகிறது' என்று சேர்த்தேன். யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் வழக்கம். சவரிமுத்து அண்ணனிடம் கேட்கவில்லை. தேதிகளே பேசும்போது கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

அடுத்த வாரம் கூடலூர் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்து என்னைத் திட்டினார்.

"நான் என் பங்காளி மேல கேஸ் போட்டேன்யா. அமீனா சம்மனைப் பையில வச்சுக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வந்தாக. 'நாளக் கழிச்சு அங்கன போறேன். அதுக்குள்ள அவருக்கு ஏதாச்சும் சொல்லணுமா?'ன்னு கேட்டாக. அந்தப் பய கோர்ட்டுப் படி ஏறட்டும்னேன். 'ஏறட்டும். கூடவே நீயும் ஏறணும்ல? முழங்கால் வலிங்கிற'ன்னாக. மறுநா விடியவும் நானே பங்காளி வீட்டுக்குப் போயிட்டேன். அதப் போயி லஞ்சம்னு எழுதியிருக்கீகளே!"

"லஞ்சம் என்று நான் எழுதவில்லை" என்றேன்.

"படிக்கிற எங்களுக்கு அப்பிடித்தான்யா தெரியுது."

மறுபடி பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் பதினொன்றும் அண்ணன் தம்பி, பங்காளி, பக்கத்து வீட்டு வழக்குகள். புருஷன் வீட்டிலிருந்து விரட்டிவிடப்பட்ட பெண்கள் போட்ட வழக்கு ஒன்றுகூட அதில் இல்லை. அவர்களுடைய சம்மன்களை வாங்கிய அன்றே கொண்டுபோயிருந்தார். இதுவும் அதே பதிவேட்டில்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை கோர்ட் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துப் பாதையை அடைத்துத் தம்பி வேலி போட்டான். என் பங்குக்குப் போக வேறு வழி இல்லை. அன்று மாலையே வக்கீலைப் பார்த்தேன், தம்பியைப் பார்க்கவில்லை. வழக்குப் போட்ட பிறகு பக்கத்துத் தோட்டக்காரர் என்னை நிறுத்திக் கேட்டார். "பன்னி இறங்குதுன்னு வேலி போட்டாப்ல. உங்களுக்கு கேட் வைக்கணும்னு வெல்டிங் கடையில சொல்லியிருக்காப்ல. தெரியாதா?"

வீட்டுக்கு வந்து சவரிமுத்து அண்ணனுக்காகக் காத்திருந்தேன். வருவார், கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தம்பி வீடு பஸ்ஸில் இருபது நிமிடம். செல்போன் கையிலேயே இருந்தது. ஆனாலும் இன்னொருவர் வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் கோர்ட்டுக்குப் போனேன்.

"கொடுத்தாச்சு ரிப்போர்ட்டர் சார். வாங்கின அன்னைக்கே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"கேட்டிருக்கலாம். பேப்பர்ல வந்துருமே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடையில் எனக்கு டீ சொன்னார். "கேஸ் போடுற அன்னைக்கு இருக்கிற கோவம், ரெண்டு ராத்திரி தூங்கி எந்திரிச்சா பாதிதான் சார் இருக்கும். முன்னெல்லாம் அந்த மிச்சத்தக் கொண்டுபோயிக் கொடுப்பேன். இப்பப் பூராத்தையும் கொண்டுபோறேன்."

சம்மன் கிடைத்ததும் தம்பி கேட் வேலையை நிறுத்திவிட்டான். அங்கே பாதையே இருந்ததில்லை என்று எதிருரை போட்டான். அவன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

அடக்கத்தின்போது குழிக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றான். இந்தப் பக்கத்திலிருந்து நானும் ஒரு பிடி மண் போட்டேன். பேசிக்கொள்ளவில்லை.

ஏதாச்சும் சொல்லணுமா? சவரிமுத்து அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தக் கேள்வி ஒன்றுதான். அவரிடம் நான் கேட்காமல் விட்டதும் இதைத்தான். இதை எழுதிப் போட்டுவிட்டு, தம்பி படிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால், மறுபடியும் இன்னொருவர் கையில் சொல்லி அனுப்பியதாகிவிடும். இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இது அச்சில் வரும். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது.