ஒரு ரப்பர் சீலுக்காக வேப்பம்பட்டிலிருந்து பூந்தமல்லி வரை

அரசு ஃபெல்லோஷிப்புக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய் வந்த கதை. படித்துவிட்டு யாராவது ஒருத்தர் தப்பித்தால் போதும். மலை, அருவி என்று படம் பார்க்க வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் திட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்குள் அனுபவம் உள்ள சாஃப்ட்வேர் ஆட்களை இரண்டு வருடம் அரசுத் துறைகளில் உட்காரவைத்து, மாதா மாதம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். நான் திண்டுக்கல்காரி. மூன்று வருடமாக ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டர். எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது சரிபார்ப்பு மட்டும். அதற்கு வரும்போது பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, வேலையை விட்டுவிட்டுத்தான் வரிசையிலேயே நிற்க முடியும். விட்டேன். இது கிடைக்காவிட்டால் எதுவும் இல்லை என்ற நிலையில்தான் அன்று ரயில் ஏறினேன்.

வேப்பம்பட்டில் 8.52 லோக்கல், டிக்கெட் ஐந்து ரூபாய். உட்கார இடம் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். பட்டாபிராமில் 9.08. அங்கிருந்து சரிபார்ப்பு நடக்கும் கட்டடம் ஒன்றரை கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய். என் முறை 9.50க்கு வந்தது.

மேசையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். ஐம்பது வயதிருக்கும். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் டிக் அடித்துக்கொண்டே வந்தவர் ரிலீவிங் லெட்டரில் நின்றார்.

"சீல் இல்லையேம்மா."

"டிஜிட்டல் சைன் மேடம். எங்க கம்பெனியில மெயில்லதான் அனுப்புவாங்க."

"படிவத்துல 'நிறுவன முத்திரையுடன்'னு போட்டிருக்கு பாரு. அஞ்சு மணி வரைக்கும் இருப்போம்."

இங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கவிழ்த்தது. நாள் முழுக்க நான் சோதிப்பது ஆன்லைன் படிவங்களை. கட்டாயம் நிரப்ப வேண்டிய, நட்சத்திரம் போட்ட கட்டம் காலியாக இருந்தால் 'சப்மிட்' வேலை செய்யாது. அந்தப் பட்டனிடம் போய் யாராவது "இல்லைன்னா என்ன செய்யலாம்?" என்று கேட்பார்களா? நானும் கேட்கவில்லை. ஃபைலை வாரிக்கொண்டு ஓடிவந்தேன். வாசலில் நின்று கம்பெனி எச்.ஆர். போர்ட்டலில் சீல் கேட்டு ஒரு கோரிக்கை போட்டேன். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் வரும் என்றது. அப்போதும் போனை எடுத்து ஒரு மனுஷரிடம் பேச வேண்டும் என்று தோன்றவில்லை. சனியன் பிடித்த புத்தி.

10.20 ரயிலில் அம்பத்தூர், மறுபடி ஐந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோ இருபது. லெட்டர் ஹெட்டில் இருக்கும் முகவரிக்கு 11.05க்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஆபீஸ் இருந்த மூன்றாவது மாடியில் கூரியர் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

"அவுங்க காலி பண்ணிக்கினு போயி ஒரு வருசம் ஆவுதும்மா," என்றார் கீழே இருந்த செக்யூரிட்டி அண்ணன். "நீ அங்கதான வேலை செஞ்சேன்னு சொல்ற?"

செய்தேன்தான். வேப்பம்பட்டு ஃபிளாட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து. ஆபீசுக்கு மொத்தம் இரண்டு முறை வந்திருப்பேன். அது காலியானது எனக்கே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கம்பெனிக்குத் தபால் வந்தால் கொடுத்தனுப்ப, ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட அட்மின் சாரின் பாரிவாக்கம் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் செக்யூரிட்டி அண்ணன் எழுதி வைத்திருந்தார். சீல் அட்மின் சாரிடம் இருக்கும் என்று நினைத்து அதை வாங்கிக்கொண்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து திருவேற்காடு வழியாகப் பாரிவாக்கம், பதினொரு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நானூறு கேட்டார், முந்நூற்று இருபதுக்கு வந்தார். 12.10க்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அட்மின் சாருக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எதிர் வீட்டம்மா, கும்பகோணத்தில் ஏதோ விசேஷம், வியாழன்தான் வருவார்கள் என்றார். ஆட்டோவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

"இன்னாம்மா, இதுக்கா அழுவுற?" ஆட்டோ அண்ணன் திரும்பிப் பார்த்தார். "சீலுதான வோணும்? பூந்தமல்லில கடை கீது. பத்து நிமிசத்துல போட்டுக் குட்த்துருவான்."

"அது தப்பில்லையாண்ணா?"

"லெட்டர் நெஜம்தான?"

"நெஜம்தான்."

"அப்பொறம் இன்னா?"

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அவர் மேல் பழி போட மாட்டேன். அவருக்கு என் படிப்பும் தெரியாது, நான் எதைப் பணயம் வைத்திருக்கிறேன் என்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பூந்தமல்லி அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், கூட ஐம்பது கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அந்தக் கடை. கடைக்காரர் என்னை ஒரு கேள்விதான் கேட்டார்: "ரவுண்டா, சதுரமா?" எங்கள் கம்பெனி சீலை நான் பார்த்ததே இல்லை. ரவுண்டு என்றேன். நூற்று எண்பது ரூபாய். கடைக் கண்ணாடி மேசை மேலேயே லெட்டரை வைத்து நானே குத்தினேன். ஒரு ஓரம் லேசாகத்தான் பதிந்தது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் சாதாரணக் கட்டண பஸ் பிடித்தால் பெண்களுக்கு இலவசம். ஆவடியிலிருந்து ரயில். 2.40க்கு மறுபடி அதே மேசை.

மேடம் லெட்டரை வெளிச்சத்தில் பிடித்தார். "எங்கம்மா வாங்குன?"

"ஆபீஸ்லதான் மேடம். அம்பத்தூர்ல." மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் லெட்டரில் இருந்த எச்.ஆர். எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். நான் காலையில் அழுத்தியிருக்க வேண்டிய அதே எண்.

"லெட்டர் எங்களுதுதான் மேடம். மூணு வருஷம் வேலை பார்த்தாங்க, நல்ல டெஸ்டர்," என்றது ஒரு பெண் குரல். "ஆனா சீலா? எங்ககிட்ட சீலே கிடையாதே. அம்பத்தூர்ல ஆபீஸும் இல்ல."

போனை வைத்துவிட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"ஏம்மா, காலைல என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உனக்கு அடுத்து ஆவடி குவார்ட்டர்ஸ் பையன் ஒருத்தன் வந்தான். அவனுக்கும் இதே மாதிரி லெட்டர்தான், சீல் இல்ல. எங்க கம்பெனியில சீல் கிடையாதுன்னு வெள்ளைப் பேப்பர்ல ஒரு மனு எழுதிக் குடுத்தான். மெயில்ல கேட்டு உறுதி பண்ணிக்கிட்டோம். பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிட்டான்."

"நானும் மனு எழுதித் தர்றேன் மேடம்."

"இப்ப எழுதி என்னம்மா செய்ய? காலைல வந்தது நல்ல லெட்டர். இது போலி ஆவணம். நான் மேல எழுதியே ஆகணும்." அவர் எழுத ஆரம்பித்தார். எழுதியதை என்னிடம் நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். 3.25க்கு வெளியே வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. எட்டு மணிக்கு முந்தைய லோக்கலைப் பிடித்தால் வரிசையில் முதல் பத்துக்குள் வரலாம். உங்கள் லெட்டரிலும் சீல் இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். "அடுத்து என்ன செய்யணும் மேடம்?" என்று வாய் திறந்து கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்திருங்கள். அன்றைக்கு எனக்கு ஆன செலவு அறுநூறு ரூபாய்க்கு மேல். போக வர ஆகும் செலவைத் தவிர ஒரு பைசா கூடச் செலவழித்திருக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே எச்.ஆரிடமிருந்து மெயில் வந்தது. இனி யார் விசாரித்தாலும், நான் வேலை பார்த்ததையும், கம்பெனி பெயரில் போலி முத்திரை பயன்படுத்தியதையும் சேர்த்தே தெரிவிப்பார்களாம். அப்பா திண்டுக்கல்லிலிருந்து தினமும் கூப்பிட்டு ஜாயினிங் எப்போது என்கிறார். ஃபெல்லோஷிப் போய்விட்டது என்று சொல்லாமல், லேட்டாகும் என்கிறேன். இதுவரை நான்கு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்துவிட்டேன். நான்கிலும் இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. முடிவில் எல்லோரும் பழைய கம்பெனிக்குப் போன் செய்கிறார்கள். அவர்களும் என்னைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.