மிளகு அளவு விளக்குகள் எட்டு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு வாரம் எட்டுச் சிவப்பு விளக்குகள் குடியிருந்தன. ஒவ்வொன்றும் மிளகு அளவு. என் மருமகள் கொண்டு வந்து வைத்த குடித்தனம்.

அவள் கோலார் தங்கவயல் பெண். கல்யாணத்துக்கு முன்பே எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவள். ஸ்ரீராம்புரத்தில் பத்து வருடம் எனக்குச் சோறு போட்டதில் அந்தப் படிப்பு பரணுக்குப் போய்விட்டது. இப்போது எங்கள் ஊரிலேயே ஆஸ்டின் டவுனில் ஒரு பயிற்சிக் கூடத்தில் பாடம் சொல்லித்தர ஆள் தேடினார்கள். ஒரு சர்க்யூட் பலகை செய்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓட்டிக் காட்டினால் வேலை.

மூன்றாம் வகுப்பு படித்த எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். எட்டுக் கம்பிகள் பக்கம் பக்கமாக ஓடும். அதற்கு பஸ் என்று பேர். இந்த முனையில் ஸ்விட்சைத் தட்டினால் ஒரு சிப் அந்தக் கம்பிகளில் சேதி அனுப்பும். அந்த முனையில் இன்னொரு சிப் அதைப் படித்து எண்ணாகக் காட்டும். கம்பிக்கு ஒரு விளக்கு. எரிந்தால் ஒன்று, அணைந்தால் சைபர்.

புதன்கிழமை எல்லாம் சரியாகத்தான் ஓடியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“என்னம்மா இது, சீக்காளி கண்ணு தெறந்த மாதிரி இருக்கு?”

“இவ்ளோ போதும் அத்தை. எரியுதா இல்லியான்னு தெரிஞ்சா சரி.”

“எனக்குத் தெரியலியே. அங்க உக்காந்து பாக்கறவங்களுக்கும் என் கண்ணு மாதிரி இருந்துட்டா?”

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் விளக்குகள் அம்மன் கோயில் சீரியல் செட்டு மாதிரி ஜொலித்தன. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நானே செய்ததுபோல ஒரு தோரணையோடுதான்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஏழு போட்டால் இரண்டு வந்தது. மறுபடி ஏழு போட்டால் சைபர். விளக்குகள் மட்டும் சரியாக, பளிச்சென்று எரிந்தன. ஒரு மணி நேரம் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாம் மறந்து போச்சு அத்தை. போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்.”

அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

“முந்தாநேத்து ஓடுச்சே. நடுவுல என்ன மாத்தின?”

“ஒண்ணும் மாத்தல. நீங்க வெளிச்சம் பத்தலன்னீங்கன்னு விளக்குக்குக் கரென்ட்டைத் தடுக்கற ரெசிஸ்டரைச் சின்னதா போட்டேன். அதுக்கும் இதுக்கும்…”

பாதியில் நிறுத்தினாள். போனை வைத்துவிட்டு மீட்டரை எடுத்து, எரிகிற கம்பி ஒன்றில் முள்ளை வைத்தாள். ஐந்து வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லை.

“விளக்கே எல்லாத்தையும் இழுத்துக்குது அத்தை. இது எரியுது, ஆனா அந்த சிப்புக்கு அணைஞ்ச மாதிரி தெரியுது.”

“அப்படின்னா வேடிக்கை பாக்க வந்தவ பந்தியில உக்காந்து முழுசா சாப்ட்டுட்டா.”

“ஆமா. வேடிக்கை பாக்க வந்தவ சொன்னதக் கேட்டதாலதான்.”

வாங்கிக்கொண்டேன். நியாயமான அடி. பழைய ரெசிஸ்டர்களைத் தேடினோம். அவள் பிடுங்கிப் போட்டதை நான் குப்பை என்று பெருக்கித் தள்ளியிருந்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. முறத்தில் வாசல் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, வெங்காயத் தோலுக்கு நடுவிலிருந்து எட்டையும் நானே பொறுக்கித் துடைத்துக் கொடுத்தேன். ஏழு போட்டாள். ஏழு வந்தது.

மூன்று மணிக்கு நானும் கூடப் போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே கன்னடக்கார அம்மா ஒருவர், தமிழும் பேசினார். ஜன்னல் வெயில் பலகைமேல் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் விளக்குகள் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

“லைட்டே காணல்லவே. ஏன் இஷ்டு, இவ்ளோ டல்லா வெச்சிருக்கீங்க?”

“இதைவிட வெளிச்சமா வெச்சா பஸ்ல வோல்டேஜ் எறங்கிடும் மேடம். காலைல அந்தத் தப்பை நானே பண்ணேன். வெளிச்சம் வேணும்னா நடுவுல ஒரு பஃபர் சிப் போடணும். அது கம்பிகிட்ட சேதிய மட்டும் கேட்டுக்கும். விளக்குக்குத் தன் கரென்ட்டைக் குடுக்கும். அதை வாங்க எஸ்.பி. ரோடு கடைக்குப் போய்ட்டு வர டைம் இல்ல.”

அந்த அம்மா தன் கையைக் குடையாக்கி விளக்குகளைக் குனிந்து பார்த்தார். அப்புறம் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வெளியே காதில் விழாத அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து மருமகள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் பலகையை என் மடியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

“சொல்லித் தொலையேன்மா.”

“திங்கக்கிழமையிலருந்து காலைல தோசை நீங்கதான் சுடணும்.”

“நான் சுட்டா தீஞ்சுடும்.”

“தீஞ்சதையே பசங்க எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு எட்டரைக்கு பஸ்.”